எங்கள் மேசைப் பேச்சு: வளையத் தோடும் பாகிஸ்தான் உடுப்பும்



போன இதழில் குளிர்காலச் சப்பாத்து வாங்குவது பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி தொலைபேசி எடுத்தார். கனடா வந்து ஐந்து மாதம்தானாம். மாடிக் கட்டடத்தில் பக்கத்து வீட்டில் இருக்கும் பாகிஸ்தான் அம்மா தன் மகளின் கலியாணத்துக்குச் சொல்லியிருக்கிறா. சொன்னதோடு நிற்காமல் ஒரு சல்வார் கமீஸையும் கையில் கொடுத்து, இதைப் போட்டுக்கொண்டு வா என்றும் சொல்லிவிட்டா. "உடுப்புச் சரி அக்கா. காதுக்கு என்ன போடுறது? அவையள் எல்லாரும் பெரிய வளையமெல்லோ போடுகினம். என்ர பொட்டுத் தோட்டோட போனால் ஒரு மாதிரிப் பார்க்க மாட்டினமோ?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, இதெல்லாம் ஒரு கேள்வியா என்று தானே சிரித்தும் கொண்டார்.

நாங்கள் சிரிக்கவில்லை. இதே கேள்வியோடு மூன்று வருடத்துக்கு முன் நாங்களும் முழுசிக்கொண்டு நின்றவர்கள்தான்.

எங்கள் பொதி கட்டும் மேசையில் ஆறு பேர். நாலு பேர் தமிழ். மற்ற இருவரில் ஒருவர் கராச்சி, மற்றவர் லாகூர். கராச்சிக்காரர் வயதில் மூத்தவர். அவரை நாங்கள் 'பாஜி' என்போம். உருதுவில் அக்கா என்று பொருள். அவர் எங்களை 'அக்கா' என்பார், எங்களில் சின்னவளையும் அக்காதான். யார் யாருக்கு அக்கா என்ற கணக்கு அந்த மேசையில் இன்னும் தீரவில்லை. இந்தப் பாஜியின் மகளுக்குக் கலியாணம் வந்தபோதுதான் வளையத் தோட்டுப் பாடம் எங்களுக்குத் தொடங்கியது.

முதலில் நாங்கள் செய்த பிழையைச் சொல்கிறோம். மருதோண்டி போடும் இரவுக்குப் போவதற்கு, ஒரு டொலர் பொருட்கள் விற்கும் கடை ஒன்றில் ஆளுக்கொரு சோடி வளையம் வாங்கினோம். போத்தல் வாய் அளவு, மஞ்சள் பூச்சு, பளபளப்பு. பாகிஸ்தான் உடுப்பு என்றால் பெரிய வளையம் என்பதுதான் எங்கள் எண்ணம். மண்டபத்துக்குள் போய் அரைமணி நேரத்தில் ஒருத்தியின் வளையம் வலைத் துப்பட்டாவில் கொளுவிவிட்டது. இழுத்தால் துப்பட்டா கிழியும், விட்டால் காது கிழியும். கழுத்தைச் சரித்தபடியே சாப்பாட்டு மேசைக்குப் போனாள். இன்னொருத்திக்கு மறுநாள் விட்டு மற்ற நாள் காதுச்சோணை சிவந்து நீர் வடியத் தொடங்கியது. மூன்றாமவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, கமீஸின் கழுத்து முழுக்கச் சரிகை, அதற்கு மேல் இந்தச் சக்கரம், கோயில் தேர் மாதிரி இருக்கிறேன் என்றாள். அது உண்மைதான்.

நாலாமவள் வரவேயில்லை. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

வளையம் என்பது பாகிஸ்தான்காரருக்கு மட்டும் சொந்தமான நகை அல்ல. கர்ணன் பிறக்கும்போதே குண்டலத்தோடு பிறந்தவன் என்று நாங்கள் பாலர் வகுப்பிலேயே கேட்டிருக்கிறோம். குண்டலம் என்றால் வளையம்தான். ஆனால் ஊரில் பெண்பிள்ளைகளுக்குக் கல்லுத் தோடும் சிமிக்கியும் என்றாகிவிட்டது. வளையம் குழந்தைக்குக் காது குத்தும்போது போடும் சின்னச் சாமானாகவோ, கம்பசுக்குப் போகும் பிள்ளைகளின் ஸ்ரைலாகவோ நின்றுவிட்டது. பாகிஸ்தானில் வளையத்துக்கு 'பாலி' என்று பெயர். சின்னக் கம்பி வளையமும் பாலி, முத்துத் தொங்கும் வளையமும் பாலி, பிறைபோல் கீழ்ப்பக்கம் அகன்று வந்தால் 'சாந்த் பாலி'. சாந்த் என்றால் நிலா. கடையில் இந்த இரண்டு சொல்லும் தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

அளவைப் பற்றிச் சொல்வதென்றால், பாஜி காட்டித் தந்த வழியைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியாது. காசுக் குற்றியால் அளக்க வேண்டும். கனடாப் பத்துச் சதம் 18 மில்லிமீற்றர். இருபத்தைந்து சதம் கிட்டத்தட்ட 24. ஒரு டொலர்க் குற்றி இருபத்தாறரை, இரண்டு டொலர்க் குற்றி 28. கண்ணாடிக்கு முன் நின்று குற்றியைக் காதுச்சோணைக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். கடைக்காரன் வெல்வெற் தட்டில் வைத்துக் காட்டும்போது எல்லா வளையமும் வடிவாகத்தான் இருக்கும். காதுக்குக் கீழே பிடித்தால்தான் அது எவ்வளவு இடத்தைப் பிடிக்கும் என்று தெரியும்.

அன்றாடம் போடும் பருத்திச் சல்வாருக்குப் பத்துச் சத அளவுக்கு மேல் வேண்டாம். பாகிஸ்தான் பெண்கள் கோடையில் 'லோன்' என்று ஒரு மெல்லிய பருத்தித் துணி உடுப்பார்கள். பெரிய பெரிய பூப் போட்டிருக்கும். தைக்காத மூன்று துண்டாக விற்பார்கள், கமீஸுக்கு ஒன்று, சல்வாருக்கு ஒன்று, துப்பட்டாவுக்கு ஒன்று. துணியே சத்தம் போடும்போது காது பேசாமல் இருப்பதுதான் நல்லது. வெறும் கம்பி வளையம், கல்லில்லாமல், முத்தில்லாமல். குளிர்காலத்தில் கதர், கரண்டி என்று தடித்த துணி வரும். அதற்கு இருபத்தைந்து சத அளவில் கொஞ்சம் தடித்த வளையம் எடுக்கும்.

ஆனால் இங்கே குளிர் என்பதை மறக்காதீர்கள். பின்னல் தொப்பியும் கழுத்துத் துணியும் போடும் நாட்டில் பெரிய வளையம் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றால் ஒவ்வொரு முறை தொப்பி கழற்றும்போதும் காது போகும். இருபது பாகை கழிவில் உலோகமும் ஐஸ்கட்டிதான். விருந்துக்கு என்றால் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய், கோட் கழற்றியபின் போடுங்கள். பாகிஸ்தான் பெண்களும் அப்படித்தான் செய்கிறார்கள். மண்டபத்துக் கழிப்பறைக் கண்ணாடிக்கு முன் அரைவாசிக் கலியாணம் நடக்கும்.

அடுத்தது கழுத்து. பத்திரிகைகளில் வட்ட முகத்துக்கு இது, நீள முகத்துக்கு அது என்று படம் போட்டிருப்பார்கள். எங்களுக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. முகத்தை விடக் கமீஸின் கழுத்தைப் பாருங்கள். செர்வானி மாதிரி உயர்ந்த கொலர் வைத்திருந்தால் தொங்கும் வளையம் கொலரில் முட்டி முட்டித் தட்டும். சின்னதாகக் காதோடு ஒட்டியது போடுங்கள். கழுத்து அகலமாக வெட்டி, மாலையும் போடவில்லை என்றால் இரண்டு டொலர்க் குற்றிக்கு மேலான வளையம் வடிவு. கழுத்தில் கனத்த சரிகை வேலை இருந்தால், காதுக்கும் கனம், மாலைக்கும் கனம் என்று போக வேண்டாம். உடுப்பில் இருக்கும் வேலையை ஒரு மாலையாகவே எண்ணுங்கள்.

வேலையின் நிறத்தையும் பார்க்க வேண்டும். மஞ்சள் சரிகை, சர்தோசி என்றால் தங்க நிறம். 'முக்கேஷ்' என்று புள்ளி புள்ளியாக மினுங்கும் வேலை இருக்கிறது. அது பெரும்பாலும் வெள்ளி நிறத்தில் வரும்; அதற்கு வெள்ளி வளையம் அல்லது முத்து. சிந்துப் பக்கத்துக் கண்ணாடிப் பதிப்பு உடுப்புக்குக் கறுத்த வெள்ளி நல்லாய்ப் பொருந்தும். இந்த இடத்தில் எங்கள் அம்மாமார் முகம் சுளிப்பார்கள். எங்கள் ஊர் வழக்கில் வெள்ளி காலுக்கு, தங்கம் காதுக்கு. வெள்ளித் தோடு போட்ட பெண்ணைப் பார்த்து, வீட்டில் கஷ்டமோ என்று கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பாகிஸ்தானில் அப்படி இல்லை. சிந்து, பலுச்சிப் பெண்கள் கனத்த வெள்ளியைக் காதிலும் கழுத்திலும் பெருமையாகப் போடுகிறார்கள். ஆகவே அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு வெள்ளி வளையத்தோடு போனால் குறையாக யாரும் எண்ணமாட்டார்கள்.

இனிக் கலியாணத்துக்கு வருவோம். பாகிஸ்தான் கலியாணம் ஒரு நாளில் முடியாது. எந்த நாளுக்குச் சொன்னார்கள் என்று முதலில் அழைப்பிதழைப் பாருங்கள். மெஹந்தி என்றால் மருதோண்டி இரவு. மஞ்சளும் பச்சையும் உடுப்பார்கள், பாட்டும் கைதட்டும். மணப்பெண் பல வீடுகளில் பூவால் செய்த தோடும் வளையலும் போட்டிருப்பாள். அன்றைக்கு விளையாட்டாகப் போகலாம். வர்ண மணி கோத்த வளையம், நூல் சுற்றிய வளையம் எல்லாம் சரி. கனமில்லாததாக எடுங்கள், ஆடச் சொல்லி இழுப்பார்கள்.

நிக்காஹ், பராத் என்பது முக்கிய நாள். பராத் என்றால் மாப்பிள்ளை ஊர்வலம் வரும் நாள். பெண் சிவப்பும் தங்கமுமாக இருப்பாள். அவள் காதில் தொங்குவது கனம் என்றபடியால் தலைமயிரோடு சேர்த்துக் கட்ட ஒரு சங்கிலி இருக்கும். அதற்குப் பெயர் 'சஹாரா', தாங்குவது என்று பொருள். எங்கள் சிமிக்கிக்கு மாட்டல் போடுகிறோமே, அதுதான். பாஜி சஹாராவைக் காட்டியபோது நாங்கள் மாட்டல் என்று கத்த, பாஜிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கு விருந்தாளி முழுச் சிவப்பும் உடுக்க வேண்டாம், பெண்ணைவிடப் பெரிய நகையும் போட வேண்டாம். நல்ல தங்க நிற வளையம், அல்லது உங்கள் சொந்தச் சிமிக்கி. ஆம், சிமிக்கியும் பொருந்தும். அவர்களும் ஜும்கா என்று அதையேதான் போடுகிறார்கள்.

வலீமா என்பது மாப்பிள்ளை வீட்டு விருந்து. மெல்லிய நிறங்கள்தான் அதிகம். முத்து வைத்த சாந்த் பாலி போடுவதற்கு இதைவிட நல்ல நாள் இல்லை.

பெருநாளுக்கு அழைத்தால் நடுத்தரமாகப் போடலாம். பெருநாளுக்கு முதல் இரவைச் 'சாந்த் ராத்' என்பார்கள், பிறை காணும் இரவு. அன்றுதான் வளையலும் மருதோண்டியும் வாங்கப் பெண்கள் கடைவீதிக்கு வருவார்கள். பெருநாள் வருடாவருடம் பத்துப் பதினொரு நாள் முன்னால் வரும், ஆகவே கலண்டரில் போன வருடத் திகதியைப் பார்த்து வைத்திருக்க வேண்டாம்.

வளையம் போடக்கூடாத நாட்களும் உண்டு. இதைத் தெரியாமல் ஒருமுறை நாங்கள் வெட்கப்பட்டோம். லாகூர்க்காரர் ஷியா. முஹர்ரம் மாதத்தின் முதற் பத்து நாளும் அவர் கறுப்பு உடுத்து, காதில் ஒன்றும் போடாமல் வருவார். நாங்கள் அது தெரியாமல், புது வளையம் ஒன்றை அவருக்கு முன்னால் ஆட்டிக் காட்டி, போட்டுப் பாருங்கோ என்று வற்புறுத்தினோம். அவர் பேசாமல் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார். பாஜிதான் பிறகு சாப்பாட்டு நேரத்தில் விளக்கினார். மரண வீட்டுக்கும் அப்படித்தான். காதைச் சும்மா விட்டுப் போங்கள், அல்லது பொட்டுத் தோட்டோடு நிற்கட்டும். கணவனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் நகை போடமாட்டார். அந்த நாட்களில் அவருக்கு நகைப் பரிசு கொண்டுபோகாதீர்கள்.

கடைக்குப் போவதற்கு வழி சொல்கிறோம். புதிதாக வந்தவர்கள் பலர் ஸ்காபரோத் தமிழ்க் கடைகளைத் தாண்டி எங்கும் போவதில்லை. ஜெராட் வீதி கிழக்கில் கிறீன்வூட்டுக்கும் கொக்ஸ்வெல்லுக்கும் இடையில் ஒரு கடைவீதி இருக்கிறது. 1972இல் கியான் நாஸ் என்பவர் அங்கிருந்த ஈஸ்ட்வூட் படமாளிகையை எடுத்து 'நாஸ்' என்று பெயர் மாற்றி, இந்திப் படம் ஓட்டத் தொடங்கினார். படம் பார்க்க வந்த சனத்துக்குச் சாப்பாட்டுக் கடை, பிறகு உடுப்புக் கடை, பிறகு நகைக்கடை என்று அந்த வீதி அப்படியே வளர்ந்தது. கெனடியில் சுரங்க ரயில் ஏறி மெயின் ஸ்ரீற் நிலையத்தில் இறங்கினால் 506ஆம் இலக்க ஸ்ரீற்கார் கொண்டுபோய் விடும். தண்டவாள வேலை நடந்தால் பாதை மாறும், ஏறும்போது சாரதியைக் கேளுங்கள். உடுப்பைப் பையில் எடுத்துப் போங்கள். நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு போய் வாங்கிய வளையம் வீட்டில் வந்து உடுப்போடு சண்டை பிடிக்கும்.

மலிவு வளையம் வாங்குவதில் பாவமில்லை. காது நீர் வடிந்தவளைப் பற்றிச் சொன்னோமே, அவளுக்கு வந்தது நிக்கல் ஒவ்வாமை. மலிவு நகையில் பூச்சுக்கு அடியில் நிக்கல் கலந்திருக்கும். ஒருநாள் இரண்டுநாள் கழித்துத்தான் கடி தொடங்கும். அதனால் நேற்றுப் போட்ட வளையத்தை விட்டுவிட்டு இன்று சாப்பிட்ட கத்தரிக்காயைக் குற்றம் சொல்வோம். ஐரோப்பாவில் 1994இலேயே காதணிகளில் நிக்கலுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டார்கள். 'சேர்ஜிக்கல் ஸ்ரீல்' என்று எழுதியிருப்பதிலும் நிக்கல் உண்டு, சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு இல்லை. டைற்றேனியம் கம்பி என்றால் பயமில்லை. ஒரு இரவுக்கு மட்டும் என்றால், காதுக்குள் போகும் கம்பியில் நிறமில்லாத நகப்பூச்சை இரண்டு முறை பூசிக் காயவிட்டுப் போடலாம். அது நிரந்தர மருந்தல்ல. பிள்ளைகளுக்கு வாங்கும்போது பிள்ளைகள் நகை என்று விற்பதையே வாங்குங்கள். அதில் ஈயம் கிலோவுக்கு 90 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று கனடாவில் சட்டம் இருக்கிறது. பெரியவர்களின் மலிவு வளையத்தைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டு, அது வாயில் வைத்துச் சப்ப விடாதீர்கள்.

பூட்டையும் பாருங்கள். எங்கள் தோட்டுக்குச் சுரை உண்டு, திருகினால் இருக்கும். வளையத்தில் பலவிதம். வெறும் கம்பியை ஓட்டைக்குள் செருகுவது துப்பட்டாவில் கொளுவும். பிணைச்சல் வைத்து 'டிக்' என்று மூடுவது நல்லது. மூடியபின் நகத்தால் தடவிப் பாருங்கள், முனை தட்டுப்பட்டால் அது வலைத் துணிக்கு எதிரி.

தங்கம் வாங்குவதென்றால் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். பாஜியின் மகளுக்குப் பரிசாக நாங்கள் நாலு பேரும் ஆளுக்கு நூறு டொலர் போட்டு ஒரு சோடி பாலி வாங்கினோம். நூறு டொலர் என்றால் எங்களுக்கு ஒரு சனிக்கிழமை ஓவர்ரைம். கடையின் பெயர் சொல்ல விரும்பவில்லை. 22 கரட் என்று காட்டி, தராசில் வைத்து, வரியோடு நானூறு என்றார்கள். வரி பதின்மூன்று வீதம். அதாவது நானூறில் நாற்பத்தாறு டொலர் வரிக்கே போய்விட்டது. இதுவும் புதியவர்கள் மறக்கும் விசயம். விலை பேசும்போது வரியோடா வரி இல்லாமலா என்று முதலிலேயே கேளுங்கள்.

வீட்டில் வந்து பார்த்தால், வளையத்தில் தொங்கும் முத்துக்களையும் சேர்த்துத் தங்கத்தின் நிறையாகப் போட்டிருக்கிறார்கள். பாஜியிடம் கேட்க முடியாது, பரிசு அவர் மகளுக்கல்லவா? லாகூர்க்காரரிடம் இரகசியமாகச் சொன்னோம். அவர் சிட்டையை வாங்கி ஒரு பார்வை பார்த்தார். சனிக்கிழமை வேலை முடிய எங்களோடு ஸ்ரீற்காரில் வந்து, கடைக்காரரிடம் பஞ்சாபியில் என்ன சொன்னாரோ தெரியாது, குரலை உயர்த்தவேயில்லை. கடைக்காரர் முத்து வளையத்தை எடுத்துக்கொண்டு, அதே காசுக்கு முத்தில்லாத தடித்த வளையம் தந்தார். நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. நிறையைச் சிட்டையில் எழுதுவித்துக்கொண்டுதான் லாகூர்க்காரர் வெளியே வந்தார்.

அன்று அவர் சொல்லித் தந்ததை அப்படியே தருகிறோம். உட்பக்கத்தில் பொறித்த இலக்கத்தைப் பாருங்கள். 916 என்றால் 22 கரட், 875 என்றால் 21, 750 என்றால் 18, 585 என்றால் 14, 417 என்றால் 10. இலக்கம் பொறிக்கத்தான் வேண்டும் என்று கனடாச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பொறித்தால் பக்கத்தில் பொறித்தவரின் வர்த்தக அடையாளமும் இருக்க வேண்டும். இலக்கம் தனியாக நின்றால் கேள்வி கேளுங்கள். கல், முத்தைக் கழித்துத் தங்கம் எத்தனை கிராம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பாகிஸ்தான் கடையில் 'தோலா' என்பார்கள். ஒரு தோலா 11.66 கிராம். எங்கள் பவுண் 8 கிராம். ஆகவே தோலா என்பது கிட்டத்தட்ட ஒன்றரைப் பவுண். கஸ்தூரியார் வீதியிலும் செட்டியார் தெருவிலும் பவுண் கணக்கில் பேசிப் பழகிய நாங்கள் இரண்டும் ஒன்றென்று நினைத்தால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

வேலைத்தலத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடமுடியாது. பாஜி கொடுத்த வளையம் வடிவு என்று அதைப் போட்டபடியே லைனில் வந்து நிற்காதீர்கள். எங்களில் ஒருத்தி முன்னர் வேலை செய்த இடத்தில், பட்டி ஓடும் இயந்திரத்துக்குக் கிட்டக் குனிந்த ஒரு பெண்ணின் வளையம் கொளுவி, சோணை இரண்டாகக் கிழிந்ததைக் கண்ணால் கண்டவள். தையல் போட்ட காதில் பிறகு அந்த இடத்தில் தோடு போட முடியவில்லை. ஒன்ராறியோவின் 851ஆம் இலக்கத் தொழிற்சாலை ஒழுங்குவிதியிலேயே, சுழலும் இயந்திரத்துக்குக் கிட்டத் தொங்கும் நகை போடக்கூடாது என்று இருக்கிறது. மேலே பிளாஸ்ரர் ஒட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொட்டுத் தோட்டுக்கே அது சந்தேகம், வளையத்துக்கு ஒருபோதும் சரிவராது. கழற்றி வைக்க ஒரு வெறும் மாத்திரைப் போத்தல் போதும். கடதாசியில் சுற்றிக் கோட் பைக்குள் வைத்தால் குப்பையோடு போகும். இதுவும் பட்ட அனுபவம்.

இனி அந்த நாலாமவள். எங்களில் அவள்தான் இளையவள், தங்கச்சி என்றே கூப்பிடுவோம். அவளுடைய தாய் 1995இல் வலிகாமத்து இடப்பெயர்வின்போது வளையலை விற்றார், சங்கிலியை விற்றார், தோட்டை மட்டும் கழற்றவில்லை. 2009இல் முள்ளிவாய்க்காலைக் கடந்து முகாமுக்கு வந்தபோதும் அது அவர் காதில் இருந்தது. பிறகு மகளுக்குப் போட்டுவிட்டார். தங்கச்சி இங்கே வருவதற்குக் கட்டிய காசில் கடைசியாகப் போனது அந்தத் தோடுதான். வந்தபின் காதுத் துவாரம் தூர்ந்து போகாமல் இருக்க ஈர்க்குத் துண்டை முறித்துச் செருகியிருந்தாள். தமிழ்க் கடையில் வாங்கிய ஈர்க்குமாற்றிலிருந்து. தலைமயிரைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டிருப்பாள், எங்களுக்கே பல மாதம் தெரியாது. மெஹந்திக்கு அவள் வராததற்குக் காய்ச்சல் என்றாள்.

பாஜி ஒன்றும் கேட்கவில்லை. பராத்துக்கு இரண்டு நாள் முன்பு, சாப்பாட்டு நேரம், ஒரு பழைய பவுடர் ரின்னைத் தங்கச்சிக்கு முன்னால் வைத்தார். உள்ளே பஞ்சில் ஒரு சோடி வெள்ளிப் பாலி. தன் தாயின் பாலி என்றார். பரிசல்ல, கலியாணம் முடியத் திருப்பித் தர வேண்டும், ஏனென்றால் அது இளைய மகளுக்கு என்று சொல்லி வைத்தது என்றும் சொன்னார். அந்தக் கடைசிப் பேச்சுத்தான் தங்கச்சிக்கு வசதியாய்ப் போனது என்று நாங்கள் நினைக்கிறோம். பரிசு என்றிருந்தால் அவள் தொட்டிருக்கமாட்டாள். கழிப்பறைக் கண்ணாடிக்கு முன் ஈர்க்கை எடுத்தபோது ஒரு பக்கத் துவாரம் கொஞ்சம் இறுகியிருந்தது. லாகூர்க்காரர் வஸ்லின் தடவி, மெதுவாகத் திருகித் திருகிப் போட்டுவிட்டார். அரைமணி இடைவேளை முழுக்க அதற்கே போனது. சுப்பவைசர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

பராத் அன்று தங்கச்சி நீல நிறக் கமீஸும் வெள்ளிப் பாலியுமாக வந்தாள். சரியாக ஒரு டொலர்க் குற்றி அளவு. தலைமயிரைப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தாள்.

திங்கட்கிழமை பவுடர் ரின் திரும்பிப் போனது. பாஜி திறந்து எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினார், அது அவர் குணம். ஆனி மாதச் சம்பளத்தில் தங்கச்சி பத்துச் சத அளவில் 10 கரட் வளையம் ஒரு சோடி வாங்கினாள். கல்லுமில்லை, முத்துமில்லை, பிணைச்சல் பூட்டு. பஸ்ஸில் போட்டுக்கொண்டு வருவாள், கதவடியில் கழற்றி மாத்திரைப் போத்தலில் போடுவாள், மாலையில் திரும்பப் போடுவாள். தாய்க்குப் படம் எடுத்து அனுப்பியபோது, வளையமோ, தோடில்லையோ என்று அவர் கேட்டாராம்.

தொலைபேசி எடுத்த சகோதரிக்கு: நீங்கள் சொன்ன உடுப்பு பச்சை, கழுத்தில் மஞ்சள் சரிகை, அழைத்தது வலீமாவுக்கு. இருபத்தைந்து சத அளவுத் தங்க நிற வளையம், மாலை வேண்டாம். அது கிடைக்காவிட்டால் உங்கள் பொட்டுத் தோட்டோடேயே போங்கள், தலைமயிரைப் பின்னால் கட்டிக்கொண்டு. ஒருவரும் ஒரு மாதிரிப் பார்க்கமாட்டார்கள். கோட் பைக்குள் ஊசி ஒன்று வைத்திருங்கள், துப்பட்டா தோளில் நிற்காது.

அடுத்த இதழில், பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை கொண்டுவரும் ஆங்கிலக் கடிதங்களில் எதை உடனே கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும், எதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று பார்ப்போம்.